அரை அங்குலம் குறைந்தாலும் கடலுக்கே!

அமெரிக்காவின் டெலவேர் மாநிலக் கரையில் தூண்டில் போடும் என் பைத்தியத்தைப் பற்றிப் போன இதழில் இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. நம்மவர்களுக்குள் இவ்வளவு மீன் ஆசை ஒளிந்திருக்கிறது! கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன் (‘பேர்’ என்பதும் இங்கே ஓர் ஊர்தான்). லைசென்ஸ் இல்லாமல் பிடித்ததை வெள்ளந்தியாக ஒப்புக்கொண்டவர்களும் இதில் உண்டு, அவர்களைக் காட்டிக் கொடுக்க வேண்டாமே. இங்கே நான் சொல்லும் அளவுகளும் கட்டணங்களும் 2025 சீசனில் இருந்தவை. அளவு விதிகள் வருடா வருடம் மாறக்கூடியவை. கிளம்புமுன் மாநில மீன்வளப் பிரிவு வெளியிடும் அந்த வருட வழிகாட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 68. கடலூர்க்காரர், தூண்டில் போடாமல் இருக்க மாட்டார். 65 வயதுக்கு மேல் லைசென்ஸ் வேண்டாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். சரியா?
– பேர், டெலவேர்

நண்பர் பாதிதான் சொன்னார். 65 ஆனவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது டெலவேரில் குடியிருப்பவர்களுக்கு. உங்கள் அப்பா விசிட்டர் விசாவில் வந்தவர். எத்தனை வயதானாலும் அவர் வெளியூர்க்காரர் கணக்குதான். ஏழு நாள் லைசென்ஸ் 12.50 டாலர், வருட லைசென்ஸ் 20 டாலர். அப்பா ஆறு மாதம் இருக்கப் போகிறார் என்றால் யோசிக்காமல் 20 டாலரைக் கட்டுங்கள். ஏழு நாள் சீட்டை வாங்கிவிட்டு அந்த ஏழு நாளும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமனார் ஒருவரை எனக்குத் தெரியும். என்னுடைய மாமனார்தான். ஒன்று கவனியுங்கள்: வருட லைசென்ஸ் என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அக்டோபரில் வாங்கினாலும் டிசம்பர் 31-ம் தேதியோடு சரி.

இங்கேயே குடியிருக்கும் நமக்கு 8.50 டாலர். ஒரு மசால் தோசை விலைகூட இல்லை! அந்த ஒரே சீட்டில் குளம், ஆறு, கடல் மூன்றும் அடக்கம். நண்டு பிடிக்க, மட்டி தோண்டவும் அதுவே போதும். ஆன்லைனிலும் வாங்கலாம், தூண்டில் இரை விற்கும் கடைகளிலும் வாங்கலாம். அப்பாவுக்குக் கடைதான் நல்லது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கூட்டிப் போங்கள். கடைக்காரரிடம் இப்போது என்ன மீன் கடிக்கிறது என்று சைகையிலாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்.

விலக்கு பெற்ற உள்ளூர்ப் பெரியவர்களும் ‘ஃபின்’ என்ற எண்ணை வாங்கி வைத்திருக்க வேண்டும். இலவசம்தான். எத்தனை பேர் மீன் பிடிக்கிறார்கள் என்று கணக்கெடுக்க அந்த எண் உதவுகிறது. லைசென்ஸ் வாங்குபவர்களுக்கு அதோடேயே கிடைத்துவிடும்.

நியூஜெர்சியில் கடலில் மீன் பிடிக்கக் காசு கிடையாது, பெயரைப் பதிந்தால் போதும். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு டெலவேர் வரலாமா?
– எடிசன், நியூஜெர்சி

வரலாம். பீச்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம். தூண்டில் போட மட்டும் முடியாது. உங்கள் ஊர்ப் பதிவு உங்கள் ஊருக்கு. இங்கே வெளியூர்க்காரர் லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கு இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று சொல்கிறேன். நியூ காசில் ஊரில் பழைய நீதிமன்றக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதை மையமாக வைத்து 12 மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு டெலவேரின் வட எல்லையை வகுத்திருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் வரும் டெலவேர் ஆறு, பாதியோடு நிற்காமல், நியூஜெர்சிக் கரையின் தாழ்நீர்க் கோடு வரை டெலவேருக்கே சொந்தம். உச்ச நீதிமன்றம் 1934-ல் தீர்ப்பு சொன்னது, 2008-ல் மறுபடி ஒரு வழக்கு நடந்து மறுபடியும் டெலவேரே ஜெயித்தது. ஆக, அந்த வட்டத்துக்குள் உங்கள் மாநிலக் கரையிலிருந்து படகைத் தள்ளிவிட்டுக் கொஞ்ச தூரம் போனாலே நீங்கள் எங்கள் தண்ணீரில் மிதக்கிறீர்கள். காவிரிக்கு இப்படி ஒரு வட்டம் போட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டதே!

ஒரு ஆறுதல்: டெலவேரில் விற்பனை வரி கிடையாது. ராடும் ரீலும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இருவரோடு முதல்முறை போகிறோம். எங்கே போனால் ஏமாறாமல் வரலாம்?
– மிடில்டவுன், டெலவேர்

கடலை மறந்துவிடுங்கள். குளத்துக்குப் போங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே லம்ஸ் பாண்டு ஸ்டேட் பார்க் இருக்கிறது. 200 ஏக்கர், மாநிலத்தின் பெரிய நன்னீர்க் குளம் அதுதான். பார்க்குக்குள் கார் நுழைய சீசனில் தனிக் கட்டணம் உண்டு. ஒரு தக்கை, சின்ன முள், அரை மண்புழு போதும். ப்ளூகில், சன்ஃபிஷ் என்று உள்ளங்கை அளவு மீன்கள் கரையோரமே சுற்றும். நம் ஊர்க் குளத்துக் கெண்டைக்குஞ்சு மாதிரி சட்சட்டென்று கொத்தும். குழந்தைக்குப் பெரிய மீன் வேண்டாம், தக்கை முங்குவதைப் பார்த்தால் போதும். திருமுல்லைவாசல் உப்பனாற்றங்கரையில் மூங்கில் கழியில் தங்கூஸ் கட்டி, காய்ந்த சோளத்தட்டைத் துண்டைத் தக்கையாக்கிப் போட்ட நாளிலிருந்து எனக்கும் அது போதுமானதாகத்தான் இருக்கிறது.

தெற்கே கில்லன்ஸ் பாண்டும் நல்ல இடம். பார்க் பெஞ்சு, கழிப்பறை எல்லாம் உண்டு, மனைவியும் ஒத்துக்கொள்வார்.

உப்புத் தண்ணீரை மெதுவாகப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்மர்னா பக்கம் உட்லேண்டு பீச்சில் ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். கெளுத்தியும் ஒயிட் பெர்ச்சும் வரும். போகும் சாலை சதுப்புநிலத்து நடுவில் வளைந்து வளைந்து போகும், கண்ணுக்கு அப்படி ஒரு விருந்து. ஆனால் ஜூலையில் போகாதீர்கள். பச்சைக் கண்ணுள்ள பெரிய ஈ ஒன்று அந்தச் சதுப்பில் இருக்கிறது. கடிக்கிறது என்று சொன்னால் போதாது, சதையை வெட்டி எடுக்கும். என் மகள் அந்த ஒரு நாளோடு தூண்டிலைக் கைவிட்டவள்தான், இன்று வரை திரும்பவில்லை.

டோவருக்குக் கிழக்கே போர்ட் மஹோன் என்று ஓரிடம் உண்டு. ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் விரிகுடா, நடுவில் கற்களைக் கொட்டிய ஒற்றைச் சாலை. எனக்கு மிகவும் பிடித்த இடம். ஓதம் ஏறினால் அந்தச் சாலையே தண்ணீருக்குள் போய்விடும். நான் ஓத அட்டவணையைப் பார்க்காமல் போய், காரின் டயர் பாதி முங்கிய பிறகு திரும்பிப் பார்த்தவன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத நாள் அது.

அப்புறம் இந்தியன் ரிவர் இன்லெட். பெயர் தெரியாத தமிழர் இல்லை, அந்தப் பாலத்தின் முன்னால் நின்று படம் எடுக்காதவரும் இல்லை. மீன் ஏராளம்தான். ஆனால் கடலும் உள்விரிகுடாவும் மூச்சு வாங்கும் அந்தக் குறுகிய வாயில் நீரோட்டம் படு வேகம். கரைப் பாறைகளில் பாசி வேறு. ஓதம் திரும்பும்போது கொஞ்ச நேரம் நீர் அசையாமல் நிற்கும், தெரிந்தவர்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து போடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையோடு அங்கே போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஃப்ளவுண்டர் அரை அங்குலம் குறைவாக இருந்தால் என்ன? யார் வந்து அளக்கப் போகிறார்கள்?
– நியூவார்க், டெலவேர்

(நியூஜெர்சி வாசகர்கள் குழம்ப வேண்டாம். எங்கள் ஊரை ‘நியூ ஆர்க்’ என்று இரண்டாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். சேர்த்துச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் முகம் மாறிவிடும்.)

அளக்க வருவார்கள் ஐயா. இயற்கை வளக் காவலர்கள் என்று தனிப் போலீஸே இருக்கிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஜூலை மாதம், மாஸீஸ் லேண்டிங்கிலிருந்து நண்பரின் படகில் நானும் மச்சானும். ஃப்ளவுண்டர் நம் எருமைநாக்கு மீன் மாதிரித் தட்டை. இரண்டு கண்ணும் ஒரே பக்கம், மணலோடு மணலாகப் படுத்துக் கிடக்கும். கணவாய்க் கீற்றும் சின்ன மீனும் சேர்த்துக் கோத்து, படகு தானாக மிதந்து போகும் போக்கில் அடியில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். காலையிலிருந்து வந்ததெல்லாம் பொடிசு. பதினோரு மணிக்கு மச்சானின் ராடு வில்லாக வளைந்தது. மேலே வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அளவுப் பலகையில் வைத்து, வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை பார்த்தேன். பதினேழேகால். சட்டம் பதினேழரை.

“கால் அங்குலம் மாப்ளே, வாலை இழுத்துப் பிடிச்சா சரியாயிடும்.”

இழுத்துப் பார்த்தோம். ஃப்ளவுண்டர் இழுத்தால் நீளும் சாதி இல்லை. திரும்ப விட்டோம். மச்சான் அப்புறம் பேசவே இல்லை. மூன்று மணிக்குக் கரையேறினால், படகுத் துறையில் சீருடையோடு ஒருவர் ஒவ்வொரு ஐஸ்பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டியில் ஐஸும் ரெண்டு தயிர்சாத டப்பாவும் இருந்தன. எங்களுக்கு முன்னால் நின்றவருக்குச் சீட்டு எழுதினார். எவ்வளவு என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மச்சான்தான் பார்த்தார். வீடு வரும் வரை சட்டத்தை மதிப்பதைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்துக்கொண்டே வந்தார்.

விதி இதுதான்: ஒருவருக்கு ஒரு நாளில் நான்கு. மே 31 வரை 16 அங்குலம், ஜூன் 1 முதல் பதினேழரை. 2025-ல் மே 31 சனிக்கிழமை. சனிக்கிழமை குழம்பில் கொதித்திருக்க வேண்டிய மீன் ஞாயிற்றுக்கிழமை குற்றமாகிவிட்டது. இதில் என்ன நியாயம் என்று நானும் முதலில் எரிச்சல்பட்டேன். அட்லாண்டிக் கரை மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஆணையம் வைத்திருக்கின்றன. மொத்தம் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அங்கே கணக்குப் போட்டு, அதற்குள் அடங்கும்படி ஒவ்வொரு மாநிலமும் அளவையும் நாளையும் வெட்டி ஒட்டுகிறது. எண் விசித்திரமாக இருப்பதற்கு அதுதான் காரணம். அதனால்தான் போன வருட எண்ணை நம்பிப் போகாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. படகிலேயே மீனை வெட்டிச் சுத்தம் செய்யாதீர்கள். கரைக்கு வரும் வரை தலையும் வாலுமாக இருக்கட்டும். துண்டு போட்ட மீனை யார் அளப்பது?

ஸ்ட்ரைப்ட் பாஸ் 36 அங்குலம் பிடித்தேன். அதையும் விடச் சொன்னார்கள். சின்னதை விடச் சொன்னால் புரிகிறது. பெரியதை ஏன்?
– எக்ஸ்டன், பென்சில்வேனியா

உங்கள் வலி புரிகிறது. ஸ்ட்ரைப்ட் பாஸுக்கு இரண்டு பக்கமும் வேலி. 28-க்குக் கீழேயும் கூடாது, 31-க்கு மேலேயும் கூடாது. நடுவில் உள்ள அந்த மூன்று அங்குலத்துக்குள் வந்தால் ஒரு நாளைக்கு ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் டெலவேர் ஆறு, விரிகுடா, அதில் சேரும் கிளைகளில் 20 முதல் 24 அங்குலம் வரை உள்ளதை எடுக்கலாம். அந்தச் சமயம் அங்கே தங்கியிருப்பவை பெரும்பாலும் ஆண் மீன்கள்.

பெரிய மீன் என்றால் அநேகமாகத் தாய் மீன். உடம்பு பெருக்கப் பெருக்க முட்டையும் பெருகும். உங்கள் 36 அங்குலக்காரி ஒரு வசந்தத்தில் போடும் முட்டைக்குச் சின்ன மீன்கள் பல சேர்ந்தாலும் ஈடாகாது. ஏப்ரல், மே மாதங்களில் முட்டையிடும் ஆற்றுப் பகுதிகளில் எந்த அளவையும் எடுக்க முடியாது, பிடித்தால் விட வேண்டியதுதான்.

இயற்கை இரை போட்டால் வட்ட முள் கட்டாயம். அந்த முள் தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும், விட்டால் பிழைத்துக்கொள்ளும். வெடுக்கென்று இழுக்காதீர்கள். நம் கை பழகியது வெடுக்கென்று இழுத்துத்தான். வட்ட முள்ளுக்கு அது ஆகாது. மீனே இழுத்துக்கொண்டு போகட்டும், நீங்கள் நிதானமாகச் சுற்றுங்கள்.

நண்டு பிடிக்க எங்கே போகலாம்? சினை நண்டு கிடைத்தால் எடுக்கலாமா? குழம்புக்கு அதுதானே ருசி!
– ஹோக்கெசின், டெலவேர்

முதல் கேள்விக்கு: ஹோல்ட்ஸ் லேண்டிங் ஸ்டேட் பார்க். இந்தியன் ரிவர் விரிகுடாவின் தெற்குக் கரை. நண்டு பிடிப்பதற்கென்றே கட்டிய பாலம் அங்கே இருக்கிறது. கோழிக் கழுத்து ஒரு பாக்கெட், சணல் கயிறு, நீளக் கைப்பிடி வலை. இதைவிட மலிவான பொழுதுபோக்கு அமெரிக்காவில் இல்லை. கோழிக் கழுத்தைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். கயிறு மெல்ல நகர்ந்தால் ஆள் வந்துவிட்டார். பதற்றமில்லாமல், நூலிழை நூலிழையாக மேலே இழுங்கள். நண்டு நிழலாகத் தெரிந்ததும் பக்கத்தில் இருப்பவர் அடியிலிருந்து வலையை ஏந்த வேண்டும். கணவன் மனைவி ஒற்றுமையைச் சோதிக்க இதற்கு மேல் ஒரு பரீட்சை கிடையாது. எங்கள் வீட்டில் இழுப்பது நான், ஏந்துவது அவள், தப்பிப் போனால் தப்பு என்னுடையது.

கயிற்றுக்கும் சின்ன மடக்குக் கூண்டுக்கும் எண்ணிக்கை இல்லை. மிதவை கட்டித் தண்ணீரிலேயே விட்டுவரும் பெரிய கூண்டு என்றால் ஆளுக்கு இரண்டு, 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும், ஆமை மாட்டாத தடுப்பு அதில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு புஷல் கூடை. நாலு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆண் நண்டு ஓட்டின் இரண்டு பக்க முள் நுனிகளுக்கு இடையே ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டு அடிவயிற்றைப் பாருங்கள். மடிப்பு ஊசியாக இருந்தால் ஆண். அரைவட்டமாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருந்தால் முதிர்ந்த பெண், அதற்கு அளவு கிடையாது. ஆனால் வயிற்றுக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் உடனே தண்ணீரில் விட வேண்டும். பேச்சுக்கே இடமில்லை.

நம் ஊர்ச் சந்தையில் சினை நண்டுக்குத் தனி மவுசு என்று எனக்கும் தெரியும். என் அம்மா நண்டுக்காரியிடம் பேரம் பேசுவதே அதற்காகத்தான். இங்கே அந்த ஆசையை மூட்டை கட்டிவிடுங்கள். சட்டப்படி எடுக்கக்கூடிய பெண் நண்டுகளையும் நான் விட்டுவிடுவேன். இது சட்டமில்லை, என் வழக்கம்.

பிடித்த நண்டை ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள், செத்துவிடும். ஈரச் சாக்கை மேலே மூடி நிழலில் வைத்தால் வீடு வரை உயிரோடு வரும். செத்த நண்டைச் சமைக்காதீர்கள்.

வில்மிங்டனில் ஆற்றோரம் தினமும் பலர் மீன் பிடிப்பதைப் பார்க்கிறேன். அதைச் சாப்பிடலாமா?
– வில்மிங்டன், டெலவேர்

பிடிக்கலாம். சாப்பிடும் முன் யோசிக்க வேண்டும். வடக்கே ஆற்றோரம் முழுக்க ஒரு காலத்தில் தொழிற்சாலைகள். பி.சி.பி. என்ற இரசாயனத்தின் தயாரிப்பை இந்த நாடு 1979-லேயே தடை செய்துவிட்டது. ஆனால் ஆற்றுச் சேற்றில் தங்கியது இன்னும் போகவில்லை. சேற்றிலிருந்து புழு, புழுவிலிருந்து மீன் என்று ஏறி, மீனின் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எந்த நீர்நிலையில் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று மாநிலமே பட்டியல் போட்டு வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் கடுமையான வரம்பு.

தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, கொழுப்பு வடியும்படி கம்பியில் வாட்டினால் ஓரளவு குறையும் என்கிறார்கள். அங்கேதான் நமக்குச் சிக்கல். நாம் தோலோடு துண்டு போட்டுக் குழம்பில் கொதிக்க விடுவோம். கொழுப்பு அத்தனையும் குழம்பிலேயே இருக்கும், அதைத்தான் மறுநாள் பழைய குழம்பு என்று நக்கிச் சாப்பிடுவோம். நண்டிலும் அப்படியே. ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியில்தான் இந்தச் சமாச்சாரம் அதிகம் சேரும். அதை எடுத்துப் போட்டுவிடுங்கள். சந்தேகமான தண்ணீரில் பிடித்ததென்றால் நண்டு ரசமும் வேண்டாம். எங்கள் வீட்டில் விதி எளிது: வில்மிங்டன் பக்கத்தில் பிடித்தால் ஆற்றுக்கே, தெற்கே விரிகுடாக்களிலும் கடலிலும் பிடித்தால் அடுப்புக்கு.

இங்கே விரால் கிடைக்கிறது என்கிறார்களே, உண்மையா?
– பேர், டெலவேர்

உண்மை! இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்நேக்ஹெட் என்று இங்கே எல்லாரும் பயந்து நடுங்கும் மீன் நம் விராலின் ஒன்றுவிட்ட சகோதரன். கிழக்காசியாவிலிருந்து வந்தது. 2002-ல் பக்கத்து மேரிலாண்டில் கிராஃப்டன் என்ற ஊரின் குளம் ஒன்றில் அது பெருகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தபோது, ‘தரையில் நடக்கும் அரக்க மீன்’ என்ற கணக்கில் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. காற்றை நேரடியாகக் குடித்து ஈரத்தில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பது உண்மை. அதை நம் கிராமத்தில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள், பானைத் தண்ணீரில் விட்டு வைத்து வேண்டும்போது அடித்துக் குழம்பு வைத்தவள் அவள்தானே.

டெலவேரில் தென்மேற்கே நான்டிகோக் ஆறு, லாரல் ஊர்ப் பக்கம் பிராட் க்ரீக், இங்கெல்லாம் நிறைய. உள்ளூர் மீனைத் தின்றுவிடும் என்பதால் பிடித்தால் கொன்றுவிடுங்கள் என்று மாநிலமே கேட்டுக்கொள்கிறது. அளவு வரம்பு இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. மீன் பிடிக்கும் லைசென்ஸ் மட்டும் வேண்டும். ஒரே கண்டிப்பு, உயிரோடு வைத்திருக்கவோ கொண்டுபோகவோ கூடாது. பாட்டி முறையில் வாளித் தண்ணீரில் விட்டுக் காரில் ஏற்றினால் குற்றம். அங்கேயே கொன்று ஐஸில் போடுங்கள். விரால் ஆயிற்றே, இலேசில் சாகாது. நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இலைகள் மூடிய ஓரங்களில், ரப்பர் தவளையைத் தண்ணீர் மேல் தத்தித் தத்தி இழுத்தால் பாயும். பாய்ச்சல் அப்படியே நம் ஊர் விரால். குஞ்சுகளைப் பந்து மாதிரி கூட்டி வைத்துத் தாயும் தகப்பனும் காவல் காப்பதும் அப்படியே. சதை வெள்ளை, கெட்டி, முள் குறைவு. நான் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். என் அமெரிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒரு துண்டு சாப்பிட்டார். அடுத்த வாரம் அவரே ஒன்றைப் பிடித்து வந்து, அந்தக் குழம்பைச் செய்து தர முடியுமா என்று வாசலில் நின்றார்.

பீச்சில் கார் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார்களே. நாங்களும் பிரியாணியோடு அப்படிப் போக ஆசை.
– டோவர், டெலவேர்

பிரியாணி மட்டும் எடுத்துக்கொண்டு போனால் துரத்திவிடுவார்கள். ஸ்டேட் பார்க் கடற்கரையில் வண்டி இறக்க ‘சர்ஃப் டேக்’ என்ற தனி அனுமதி வேண்டும். லைசென்ஸ் வேறு, இது வேறு. வருடத்துக்கு 17,000-தான் கொடுக்கிறார்கள், விலையும் கொஞ்சம் கடிக்கும். கோடையில் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் அதற்கு மேல் முன்பதிவும் வேண்டும். எல்லாம் இருந்தாலும், அங்கே இருக்கும் நேரம் முழுக்க நீங்கள் உண்மையாகவே மீன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ராடை மணலில் நட்டுவிட்டு, இரை இல்லாத முள்ளைத் தண்ணீரில் விட்டு, குடையின் கீழ் தூங்குவது அவர்களுக்குப் பழைய தந்திரம். வண்டியில் மண்வெட்டி, ஜாக்கி, அதற்கு அடியில் வைக்கப் பலகை, இழுவைக் கயிறு, டயர் காற்று பார்க்கும் கருவி, இத்தனையும் இருக்க வேண்டும்.

நடந்து போனால் இந்த டேக் எதுவும் வேண்டாம். ராடும் லைசென்ஸும் பிரியாணிப் பொட்டலமும் போதும்.

மே மாதம் லூயிஸ் பக்கம் கரை முழுக்கத் தலைகீழாகக் கிடக்கும் அந்த இரும்புத் தொப்பிப் பிராணி என்ன? வாலைப் பிடித்துத் தூக்கினேன், கொட்டுமா?
– ஆக்ஸ்ஃபோர்டு, பென்சில்வேனியா

குதிரைலாட நண்டு. பெயரில்தான் நண்டு, சிலந்திக்குச் சொந்தம். கொட்டாது, கடிக்காது. ஆனால் வாலைப் பிடித்துத் தூக்கினால் அதற்குத்தான் காயம். ஓட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் திருப்பி விடுங்கள், தானே தண்ணீருக்குப் போய்விடும். மே, ஜூனில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி முட்டையிட டெலவேர் விரிகுடாவுக்குத்தான் உலகிலேயே அதிகமாக வருகின்றன. தென் அமெரிக்கக் கோடியிலிருந்து ஆர்க்டிக் போகும் ரெட் நாட் என்ற சின்னப் பறவை, நடுவழியில் இங்கே இறங்கி அந்த முட்டையைத் தின்றுதான் மீதிப் பயணத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்கிறது. அந்தச் சமயம் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு டார்ச்சோடு இரவில் போய்ப் பாருங்கள்.

எனக்கு 10 வயது. எனக்கும் லைசென்ஸ் கார்டு வேண்டும். அப்பா கிடையாது என்கிறார்.
– நியூவார்க், டெலவேர்

அப்பா சொல்வது சரி. 16 வயது ஆகும் வரை உனக்கு லைசென்ஸே வேண்டாம். அப்பாவுக்குத்தான் வேண்டும். அவர் வாங்கிவிட்டாரா என்று நீ ஒருமுறை கேட்டுவிடு. ஜூன் தொடக்கத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் பெரியவர்களும் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம், அளவு விதி அன்றைக்கும் உண்டு. ஆகவே டேப்பை நீ கையில் வைத்துக்கொள். அப்பா வாலை இழுத்து அளந்தால் விடாதே. மண்புழுவை மட்டும் நீயே மாட்டப் பழகிக்கொள்.